தூண் கம்பியின் வெட்டு நீளத்தை எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம் வரை கணக்கிடுவது?

புதிய மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். கட்டடப் பொறியியலில் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு வீட்டு வேலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கிறேன். கம்பிப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், தூண் கம்பியின் வெட்டு நீளம் பற்றி எனக்குள்ள ஐயங்களை இங்கே வைக்கிறேன்.

மொத்தம் 12 தூண்கள். எல்லாம் 300 × 450 மி.மீ. அளவு. ஒவ்வொன்றிலும் 16 மி.மீ. கம்பி ஆறு, அதாவது 450 மி.மீ. முகத்துக்கு மூன்று வீதம். அவற்றைச் சுற்றிக் கட்டும் ரிங் 8 மி.மீ.; கான்கிரீட் எம்25 தரம்; கம்பி ஃபே 500 தரம். ஃபுட்டிங்கின் (தூணின் அடித்தளத்தின்) அடிமட்டம் தரையிலிருந்து 1.80 மீட்டர் கீழே இருக்கிறது, அதன் கனம் 450 மி.மீ. பிளிந்த் பீமின் மேல்மட்டம் தரைக்கு மேலே 0.60 மீட்டர். அங்கிருந்து முதல் தள சிலாப்பின் மேல்மட்டம் வரை 3.00 மீட்டர், அதற்கு மேல் மொட்டைமாடி சிலாப் வரை இன்னொரு 3.00 மீட்டர். பீம்களின் ஆழம் 450 மி.மீ.

உயரங்களைக் கூட்டினால் 8.40 மீட்டர் வருகிறது. தளத்துக்கு இரண்டடி வீதம் லேப் (இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று இணையும் நீளம்) சேர்த்தால் ஏறத்தாழ 9.60 மீட்டர் ஆகிறது. ஆனால் கம்பி கட்டும் மேஸ்திரி, 'தளத்துக்குப் பத்தடி, லேப்புக்கு இரண்டடி, ஆக பில்லருக்குப் பன்னிரண்டு அடி வெட்டுங்கள், பிளிந்துக்குக் கீழே தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். லேப்பைப் பிளிந்த் பீமுக்கு மேலும் சிலாப்புக்கு மேலும் ஒட்டினாற்போல் வைப்பதுதான் வழக்கம் என்றும் சொல்கிறார். வரைபடத்திலோ 'லேப் 50டி' (கம்பி விட்டத்தைப்போல் 50 மடங்கு) என்பதைத் தவிர வேறு குறிப்பு இல்லை. ரிங்குக்கு அவர் சொல்லும் நீளம் நாலடி ஓர் அங்குலம். நான் இணையத்தில் கிடைத்த வாய்பாட்டைப் போட்டுப் பார்த்ததில் 1244 மி.மீ. வந்தது, இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆகவே ரிங் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நெடுக்குக் கம்பிக்கு எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது என்று பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கட்டமைப்புக் கணக்கு

தம்பி, உங்கள் கணக்கும் மேஸ்திரியின் கணக்கும் தளத்தின் உயரத்திலிருந்து தொடங்குகின்றன, அங்கேதான் சிக்கல். தூண் கம்பியின் நீளத்தைத் தீர்மானிப்பவை அந்தக் கம்பி தொடங்கும் மட்டமும் முடியும் மட்டமும் மட்டுமே. அந்த இரண்டும் லேப்பை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. ஆகவே முதலில் ஒரு தாளில் தூணை நிற்க வைத்து வரைந்து, எல்லா மட்டங்களையும் தரையிலிருந்து கூட்டல் கழித்தலாகக் குறித்துவிட்டு, லேப்பின் இடத்தை முடிவு செய்யுங்கள். பிறகு நீளம் வெறும் கழித்தல் கணக்காகிவிடும்.

மேஸ்திரியின் இரண்டடி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000இன்படி எம்25 கான்கிரீட்டில் பிணைப்புத் தகைவு (கம்பியைக் கான்கிரீட் பற்றும் வலு) சதுர மி.மீ.க்கு 1.4 நியூட்டன், முறுக்குக் கம்பிக்கு அதை 60 விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம், கம்பி அமுக்கத்தில் இருந்தால் மேலும் 25 விழுக்காடு கூட்டலாம். ஃபே 500 கம்பிக்கு இவற்றைப் போட்டால் தேவையான பிணைப்பு நீளம் அமுக்கத்தில் 39டி, இழுவிசையில் 48.6டி கிடைக்கும். 16 மி.மீ. கம்பிக்கு இவை முறையே 621 மி.மீ., 777 மி.மீ. இரண்டடி என்பது 610 மி.மீ. ஆக, மேஸ்திரியின் கைக்கணக்கு காற்றில் வந்ததன்று. தூண் முழுவதும் அமுக்கத்திலேயே இருக்கிறது என்று கொண்டால் அது ஏறக்குறைய சரி. ஆனால் 16 மி.மீ. கம்பிக்குச் சொன்ன அதே இரண்டடியை 20 மி.மீ. கம்பிக்கும், எம்20 கான்கிரீட்டுக்கும் சொல்லும்போதுதான் அது பிழையாகிறது. எம்20இல் அமுக்க நீளமே 45டி, அதாவது 725 மி.மீ. ஆகிவிடும்.

கோயம்புத்தூர் ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பில் மூன்றாவது நிலநடுக்க மண்டலத்தில் இருப்பதால், உங்கள் கட்டடத்துக்கு நிலநடுக்கம் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920:2016 பொருந்தும். நிலநடுக்கத்தில் தூணின் இரு முனைகளிலும் வளைதிருப்பம் (தூணை வளைக்கும் விளைவு) மிகுந்து, ஒரு பக்கக் கம்பிகள் இழுவிசைக்குள் போகும். மேஸ்திரி லேப் வைக்கச் சொல்லும் இடம் அந்த முனையேதான். அதனால் அந்த விதித்தொகுப்பு நான்கு நிபந்தனைகளை விதிக்கிறது: லேப் தூணின் தெளிவு உயரத்தில் (கீழ்ப் பீமின் மேல்மட்டத்திலிருந்து மேல் பீமின் அடிமட்டம் வரை) நடுப்பாதிக்குள் இருக்க வேண்டும், அதன் நீளம் இழுவிசைக்குரிய நீளமாக இருக்க வேண்டும், ஒரே வெட்டுமுகத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் ஆகக்கூடாது, லேப் முழுவதும் ரிங் இடைவெளி 100 மி.மீ.க்கு மேற்படக் கூடாது. உங்கள் வரைபடத்தின் 50டி இதைக் கருதித்தான் எழுதப்பட்டிருக்கிறது, 800 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தூணுக்கு வருவோம். பிளிந்த் பீமின் மேல்மட்டம் +0.60, முதல் தள பீமின் அடிமட்டம் 3.60 − 0.45 = +3.15, தெளிவு உயரம் 2.55 மீட்டர். அதில் நடுப்பாதி 1.275 மீட்டர்தான். பாதிக் கம்பிக்கு ஒரு லேப், மீதிப் பாதிக்கு அதற்கு மேலே இன்னொரு லேப் என்று ஒரே தளத்தில் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டு லேப்புகளும் தள்ளித் தள்ளி இருப்பதாகக் கொள்வதற்கு அவற்றின் மையங்களுக்கிடையே லேப் நீளத்தைப்போல் 1.3 மடங்கு தூரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. அப்படியானால் 800 + 1040 = 1840 மி.மீ. தேவை, இருப்பதோ 1275. வீட்டு உயரங்களில் இது எப்போதுமே அடங்காது. எனவே மூன்று கம்பிகளைத் தரைத்தளத்தின் நடுவில் லேப் செய்து, மற்ற மூன்றை அங்கே தொடாமல் மேலே கொண்டுபோவதுதான் வழி.

தொடர்ந்து செல்லும் மூன்று கம்பிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுட்டிங்கின் அடிமட்டம் −1.80, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 50 மி.மீ., அதன்மேல் 12 மி.மீ. ஜாலிக் கம்பி இரண்டு அடுக்கு என்றால் 24 மி.மீ.; தூண் கம்பியின் கால் அதன்மேல் உட்காரும். ஆகவே தொடக்க மட்டம் −1.726. மேலே மொட்டைமாடி சிலாப்பின் மட்டம் +6.60, அதிலிருந்து 50 மி.மீ. இறங்கி +6.55இல் கம்பி பீமுக்குள் மடங்குகிறது என்று கொள்வோம். நேர் உயரம் 8.276 மீட்டர். கீழ்க் காலுக்கு 450 மி.மீ., மேல் மடிப்புக்கு 400 மி.மீ., கூட்டினால் 9.126. இவை எல்லாம் வெளிவிளிம்பு அளவுகள் என்பதால் ஒவ்வொரு நேர்கோண மடிப்புக்கும் 2டி கழிக்க வேண்டும். இரண்டு மடிப்புக்கு 64 மி.மீ. போக 9.06 மீட்டர் வெட்டு நீளம்.

கால் 450 மி.மீ. எதற்கு என்று கேட்பீர்கள். ஃபுட்டிங்குக்குள் நேராக இறங்கும் பகுதி 376 மி.மீ. மட்டுமே. அதோடு காலைச் சேர்த்து மடிப்பைக் கழித்தால் 794 மி.மீ.; 777ஐ அது தாண்டுகிறது. ஒன்பது அங்குலக் கால் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு; அதைக் கணக்குப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

லேப் ஆகும் மூன்று கம்பிகளுக்கு, லேப்பின் மையத்தைத் தெளிவு உயரத்தின் நடுவில், அதாவது +1.875இல் வைத்தால், லேப் +1.475இல் தொடங்கி +2.275இல் முடியும். கீழ்த்துண்டு −1.726இலிருந்து +2.275 வரை 4.001, கால் 0.450 சேர்த்து ஒரு மடிப்பு கழித்தால் 4.42 மீட்டர். மேல்துண்டு +1.475இலிருந்து +6.55 வரை 5.075, மடிப்பு 0.400 சேர்த்து 0.032 கழித்தால் 5.44; வெட்டும்போது 5.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் தொடங்கும் இடத்தில் கம்பியை உள்ளே தள்ளும் கிராங்குக்குத் தனியாக நீளம் சேர்க்கத் தேவையில்லை: ஒன்றுக்கு ஆறு என்ற சரிவில் 16 மி.மீ. விலகல் என்றால் கூடுதல் நீளம் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான். சிலர் பட்டியலில் கிராங்குக்கு 100 மி.மீ. எழுதுகிறார்கள், அது வீண்.

ஈரோடு ஒப்பந்தக்காரர்

மேலே ஐயா சொன்ன கணக்கோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் பட்டியல் எழுதுவதற்கு முன் 12 மீட்டர் கம்பியில் அந்தத் துண்டுகள் எப்படி விழுகின்றன என்பதையும் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாளில் சரியாக இருக்கும், களத்தில் வெட்டுத்துண்டு குவியும்.

12 தூண்களுக்கு 4.42 மீட்டர் துண்டு 36, 5.45 மீட்டர் துண்டு 36 வேண்டும். ஒரு கம்பியில் இரண்டையும் ஒன்றொன்றாக வெட்டினால் 36 கம்பி ஆகும், ஒவ்வொன்றிலும் 2.13 மீட்டர் மிஞ்சும். ஒரே வகைத் துண்டை இரண்டிரண்டாக வெட்டினாலும் 18 + 18 என்று அதே 36 கம்பிதான். ஆனால் மிச்சம் 3.16 மீட்டரில் 18 துண்டும் 1.10 மீட்டரில் 18 துண்டுமாக விழும். 3.16 மீட்டர் துண்டு பீமின் தாங்கு முனையில் மேலே போடும் எக்ஸ்ட்ரா கம்பிக்குப் பெரும்பாலும் உதவும், 2.13 மீட்டர் அவ்வளவு எளிதில் இடம் பிடிக்காது. 1.10 மீட்டரை என்ன செய்வது என்று மட்டும் முன்பே யோசித்து வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தொடர்ந்து செல்லும் 9.06 மீட்டர் கம்பியும் 12 மீட்டரில் ஒன்றுதான் விழும். லேப் ஆகும் கம்பிக்கும் ஜோடிக்கு ஒரு கம்பிதான் செலவாகிறது. ஆகவே இந்த வீட்டில் லேப் செய்வதால் ஒரு கம்பிகூட மிச்சமாகாது. ஆறு கம்பிகளையும் லேப்பே இல்லாமல் 9.06 மீட்டராக நிறுத்தினாலும் 72 கம்பிதான். மிச்சம் ஒவ்வொன்றும் 2.94 மீட்டர். கட்டடத்துக்குள் போகும் எடையில் தூணுக்கு 2.40 மீட்டர் லேப் குறைகிறது, 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ என்பதால் தூணுக்கு ஏறத்தாழ 3.8 கிலோ.

பிறகு ஏன் எல்லோரும் லேப் செய்கிறார்கள் என்றால், ஒன்பது மீட்டர் கம்பியை ஃபுட்டிங்கிலிருந்து நிறுத்திப் பிடிப்பது எளிதன்று. காற்றில் ஆடும், ஆடினால் ஃபுட்டிங்கில் போட்ட பச்சைக் கான்கிரீட்டுக்குள் அடிப்பகுதி அசைந்து, கம்பியைச் சுற்றி இடைவெளி விழும். சாரக்கட்டில் இரண்டு உயரங்களில் சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியபின்தான் கான்கிரீட் போட வேண்டும். அதைச் செய்ய ஆளும் மனமும் இருந்தால் லேப் இல்லாத தூணே நல்லது. லாரியில் யு வடிவில் மடித்து வரும் கம்பியை வாங்கினால், அந்த மடிப்பைத் தட்டி நிமிர்த்திய இடம் தூணின் நடுவில் வராதபடி வெட்டுங்கள். நீளக் கம்பி கேட்கும்போது கடைக்காரரிடம் நேர்க்கம்பியாகவே அனுப்பச் சொல்லிவிடுவது உத்தமம்.

கம்பிப்பட்டியல்

நெடுக்குக் கம்பியைப் பற்றி இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் ரிங்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் கேள்வி கேட்டவர் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்ட இடம் அதுதான். மேஸ்திரியின் நாலடி ஓர் அங்குலமும் உங்கள் 1244 மி.மீ.யும் ஒத்துப்போவதற்குக் காரணம், இரண்டும் ஒரே வாய்பாட்டிலிருந்து வந்தவை என்பதுதான்.

அந்த வாய்பாடு இப்படி இருந்திருக்கும்: கவர் 40 மி.மீ. போக ரிங்கின் வெளியளவு 220 × 370, சுற்றளவு 1180. இரண்டு கொக்கிக்கு 10டி வீதம் 160 கூட்டல். மூன்று நேர்கோண மடிப்புக்கு 2டி வீதம் 48 கழித்தல். 135 பாகை மடிப்பு இரண்டுக்கு 3டி வீதம் இன்னொரு 48 கழித்தல். விடை 1244. இது இணையத்தில் எங்கும் கிடைக்கும். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும்.

கம்பியை அந்த நீளத்துக்கு வெட்டி, உள்வளைவு ஆரம் 2டி வரும்படி மடித்துப் பாருங்கள். நேர்கோண மடிப்பு ஒவ்வொன்றிலும் வெளியளவுக்கும் நடுக்கோட்டு நீளத்துக்கும் உள்ள வேறுபாடு 6டி − 3.93டி, ஏறத்தாழ 2டி. அந்தக் கழிவு சரியானதுதான். கொக்கி முனையில் கதை வேறு. அங்கே வெளியளவில் 3டி போகிறது, ஆனால் 135 பாகை வளைவின் நீளம் 5.89டி. அதாவது கொக்கிக்கு 2.9டி கூட்ட வேண்டிய இடத்தில் இந்த வாய்பாடு 3டி கழிக்கிறது. 10டி என்பதில் வளைவையும் சேர்த்துத்தான் சொன்னோம் என்றால் மறுபடி கழிக்கக் கூடாது. நேர்நீட்சி மட்டும் என்றால் வளைவைக் கூட்ட வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த 3டி கழிவுக்கு இடமில்லை.

விளைவு என்ன? 1244 மி.மீ. கம்பியில் ரிங்கை மடித்து முடித்தபின் ஒவ்வொரு முனையிலும் மிஞ்சும் நேர்நீட்சி 34 மி.மீ. மட்டுமே. ஐ.எஸ். 13920:2016 கேட்பது 6டி, ஆனால் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 8 மி.மீ. கம்பிக்கு 65தான் ஆளும். பாதிதான் இருக்கிறது. வளைவை இறுக்கி, ஆரத்தை 1டி ஆக்கினாலும் 39 மி.மீ.க்கு மேல் வராது. நீளம் போதாமல் போகும்போதுதான் கம்பி கட்டுபவர் கொக்கியை 90 பாகையோடு நிறுத்திவிடுகிறார். மேற்பார்வையாளர் அவரைக் கடிந்துகொள்கிறார். உண்மையில் அவர் கையில் கொடுத்த கம்பியில் 135 பாகைக்கு நீளமே இல்லை. மேற்கவர் பெயர்ந்து விழும் நிலநடுக்கத்தில் 90 பாகைக் கொக்கி விரிந்துவிடும், 135 பாகைக் கொக்கியின் நீட்சி உட்கான்கிரீட்டுக்குள் புதைந்திருப்பதால் பிடித்து நிற்கும். ரிங்கின் பயனே அந்த நீட்சியில்தான் இருக்கிறது.

சரியான கணக்கு: கொக்கிக்கு வளைவுக் கூடுதல் 23 மி.மீ. + நீட்சி 65 = 88 மி.மீ., அதாவது 11டி. எனவே 1180 − 48 + 176 = 1308; 1310 மி.மீ. என்று பட்டியலில் எழுதுங்கள். அடிக்கணக்கில் நாலடி மூன்றரை அங்குலம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ரிங்கை மடித்ததும் நீட்சியை ஒரு முறை டேப் வைத்து அளந்துவிட்டுப் பிறகு மொத்தமாக வெட்ட விடுங்கள்.

450 மி.மீ. முகத்தின் நடுக்கம்பிகள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கொக்கி ஒன்று ஒவ்வொரு ரிங்குக்கும் வேண்டும். ரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும்படி மடித்தால் அதன் வெட்டு நீளம் சுமார் 410 மி.மீ.

எண்ணிக்கையிலும் 'ஆறு அங்குலத்துக்கு ஒன்று' என்று வைத்துவிடாதீர்கள். தூணின் இரு முனைகளிலும் 450 மி.மீ. தூரத்துக்கு இடைவெளி 75 மி.மீ.; ஏனெனில் சிறிய பக்கத்தின் கால்பங்கு 75, நெடுக்குக் கம்பியின் 6டி 96, மேல்வரம்பு 100, இவற்றில் சிறியது 75. லேப்பின் 800 மி.மீ.க்கு 100 மி.மீ.; மீதி இடங்களில் சிறிய பக்கத்தின் பாதியான 150க்கு மேற்படாமல். தரைத்தளத்தின் 2.55 மீட்டரில் இப்படி வைத்தால் 27 ரிங் வரும். ஆறு அங்குலக் கணக்கில் 18தான் வரும். பீம் சந்திப்புக்குள் வரும் ரிங்குகளும், ஃபுட்டிங்குக்குள் குறைந்தது 300 மி.மீ. இறங்க வேண்டிய நெருக்க ரிங்குகளும் இதில் சேரவில்லை.

புதிய மேற்பார்வையாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மட்டங்களைத் தாளில் குறித்து மறுபடி போட்டுப் பார்த்தேன், 9.06, 4.42, 5.44 மூன்றும் எனக்கும் வந்தன. ஒரு ரிங்கை 1245 மி.மீ. நீளத்தில் மேஸ்திரியையே மடிக்கச் சொல்லி அளந்ததில் ஒரு முனையில் 36, மறுமுனையில் 33 மி.மீ. இருந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டு 1310க்கு ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. பின்னாளில் இரண்டாவது தளம் எழுப்பும் எண்ணம் இருப்பதால், மொட்டைமாடிக்கு மேல் கம்பியை நீட்டி விடும்படி வீட்டு உரிமையாளர் கேட்கிறார். அடித்தள வடிவமைப்பு அதற்குச் சேர்த்தே செய்யப்பட்டிருக்கிறது. அப்போது மேல் மடிப்பை விட்டுவிட்டு, எல்லாக் கம்பிகளையும் வழக்கம்போல் மூன்றடி நீட்டினால் போதுமா?

கட்டமைப்புக் கணக்கு

மூன்றடி போதாது, அந்த நீளம் மறுபடியும் லேப்பைத் தளத்தின் அடியில், வைக்கக் கூடாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இரண்டாவது தளத்தின் தெளிவு உயரமும் 2.55 மீட்டர்தான் என்றால், லேப் அங்கே +7.475இல் தொடங்கி +8.275இல் முடிய வேண்டும். ஆகவே கம்பி மொட்டைமாடி சிலாப்புக்கு மேலே 1.675 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஃபுட்டிங்கிலிருந்து தொடர்ந்து வரும் கம்பிக்கு −1.726இலிருந்து +8.275 வரை 10.001, கால் 0.450, ஒரு மடிப்புக் கழிவு போக 10.42 மீட்டர், 12 மீட்டர் கம்பியிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் ஆறு கம்பிகளையும் அதே உயரத்தில் நிறுத்தினால், பின்னாளில் ஆறும் ஒரே இடத்தில் லேப் ஆகும். ஆகவே மூன்றை மட்டும் இந்த உயரத்துக்கு விடுங்கள். தரைத்தளத்தில் லேப் ஆன மற்ற மூன்றை, இரண்டாவது தளத்தில் லேப் இல்லாமல் கொண்டுபோவதற்கு மூன்று மீட்டருக்கு மேல் நீட்டி விட வேண்டியிருக்கும். மொட்டைமாடியில் அப்படிப் பல ஆண்டுகள் விட முடியாது. அவற்றுக்கு ஐ.எஸ். 16172க்கு உட்பட்ட கப்ளர் (இரு கம்பி முனைகளை மரையால் இணைக்கும் குழல்) வைப்பதே நடைமுறை. கப்ளர் எந்த மட்டத்தில் வர வேண்டும் என்பதை வரைபடம் தந்த பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டு நீளம் அதைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

ஈரோடு ஒப்பந்தக்காரர்

கப்ளர் வைப்பதாக முடிவானால், கம்பியை நிறுத்துவதற்கு முன்பே அந்த முனைகளில் மரை போட்டுவிட வேண்டும்; சிலாப் போட்டபின் மொட்டைமாடியில் நின்றுகொண்டு மரை போட முடியாது. மரைக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு, கிரீஸ் தடவி விடுங்கள். நீட்டிய மற்ற மூன்று கம்பிகளையும் வெறுமனே விட்டால் மழையில் துரு ஏறி, சிலாப்போடு சேரும் இடத்தில் முதலில் அரிக்கும். அவற்றைச் சுற்றிச் சிமெண்டு குறைந்த கான்கிரீட்டைச் சிறு தூணாகப் போட்டு மூடிவிடலாம். பின்னால் அதை உடைத்து எடுப்பது எளிது. கம்பிகளை வளைத்துச் சிலாப்பில் படுக்க வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; ஃபே 500 கம்பியை வளைத்து மறுபடி நிமிர்த்தினால் வளைந்த இடத்தில் விரிசல் விழக்கூடும்.

புதிய மேற்பார்வையாளர்

நன்றி ஐயா. கப்ளர் மட்டம் குறித்துப் பொறியாளருக்கு இன்றே எழுதிவிட்டேன். அவர் பதில் வரும்வரை அந்த 36 கம்பிகளின் 5.45 மீட்டர் துண்டை மட்டும் வெட்டாமல் நிறுத்தி வைத்துவிட்டு, 10.42 மீட்டரும் 4.42 மீட்டரும் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.